பக்கம் பார்க்காமல் பேசிய பிரதமர்: ஒலோஃப் பால்மேயும் இன்றைய ஸ்வீடனும்

ஸ்வீடன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2023-ஆம் ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாள்தான். அந்த ஜூன் 28 அன்று தலைநகர் ஸ்டாக்ஹோமின் பெரிய பள்ளிவாசலுக்கு வெளியே, காவல்துறையின் அனுமதியோடும் பாதுகாப்போடும் திருக்குர்ஆன் பிரதி எரிக்கப்பட்டது. பெருநாள் மகிழ்ச்சியில் இருந்த உம்மத்தின் நெஞ்சில் அது நெருப்பாக விழுந்தது. ஸ்வீடன் என்றாலே இஸ்லாத்தின் எதிரி நாடு என்ற முடிவுக்கு அன்று பலர் வந்துவிட்டார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டை ஒரே ஒரு சம்பவத்தை வைத்து எடை போடுவது சரியா என்பதை நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதே ஸ்வீடனின் பிரதமர் ஒருவர்தான், மேற்குலகம் யாசிர் அரஃபாத்தைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கிவைத்திருந்த 1974-ல் அல்ஜியர்ஸ் நகரில் அவரைச் சந்தித்துப் பேசினார். ஈரானும் இராக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தபோது, பாக்தாதுக்கும் தெஹ்ரானுக்கும் மாறி மாறிப் பயணம் செய்து சமாதானம் பேசினார். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கும் வாக்குரிமை கிடைக்க வழி செய்தது அவரது அரசு.

அவர் பெயர் ஒலோஃப் பால்மே. 1986 பிப்ரவரி 28 அன்று சொந்த நாட்டின் தலைநகரில், நடைபாதையில் வைத்து அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரது நாடு இன்று வேறு பாதையில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த மனிதர் யார், அவரது குரலுக்கு அன்று ஏன் மதிப்பு இருந்தது, அந்தக் குரல் இன்று எங்கே போயிற்று என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

வசதியான வீட்டிலிருந்து வந்தவர்

1927 ஜனவரி 30 அன்று ஸ்டாக்ஹோமின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் பால்மே. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மேட்டுக்குடிப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியில் படித்தார். தொழிலாளர் கட்சியின் பக்கம் அவர் வருவார் என்று அவரது உறவினர்கள் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அவரை மாற்றியவை பயணங்கள். 1947-48 கல்வியாண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கென்யன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு கையில் அதிகப் பணமில்லாமல், வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறி அந்த நாட்டைச் சுற்றினார். உலகின் பணக்கார நாட்டில் ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள், கறுப்பின மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை நேரில் பார்த்தார். 1953-ல் மாணவர் தலைவராக இருந்தபோது இந்தியா, பர்மா, தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்குச் சென்றார். அந்நிய ஆட்சி ஒரு நாட்டை என்ன பாடு படுத்திவிட்டுப் போகும் என்பது தனக்குப் புரிந்தது அந்தப் பயணத்தில்தான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டில் அன்றைய பிரதமர் தாகே எர்லாண்டர் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். எர்லாண்டர் 23 ஆண்டுகள் தொடர்ந்து பிரதமராக இருந்தவர். அவரது சமூக ஜனநாயகக் கட்சிக்குச் சமாதானப் பாரம்பரியம் ஒன்று உண்டு. அக்கட்சியின் முதல் பிரதமரான யால்மார் பிராண்டிங் 1921-ல் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தப் பாரம்பரியத்தில் வளர்ந்த பால்மே, போக்குவரத்து அமைச்சராகவும் கல்வி அமைச்சராகவும் பணியாற்றி, 1969-ல் தமது 42-ஆம் வயதில் பிரதமரானார்.

1968-ல் ஸ்டாக்ஹோம் மாணவர்கள் தங்கள் சங்கக் கட்டடத்தைக் கைப்பற்றிப் போராடியபோது, கல்வி அமைச்சரான அவர் நேரில் சென்று மாணவர்களோடு வாதாடினார். புறநகர் ஒன்றில், வரிசையாகக் கட்டப்பட்ட சாதாரண வீடுகளில் ஒன்றில்தான் அவரது குடும்பம் பல ஆண்டுகள் வசித்தது.

வாஷிங்டனும் மாஸ்கோவும்

1968 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் வியட்நாம் போருக்கு எதிரான பேரணி நடந்தது. அமைச்சராக இருந்த பால்மே, வடக்கு வியட்நாமின் தூதரோடு அதில் நடந்துசென்றார். அமெரிக்கா கொதித்துப்போய்த் தன் தூதரை வாஷிங்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டது.

1972 டிசம்பரில் ஹனாய் நகரின் மீது அமெரிக்க விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. பிரதமர் பால்மே வெளியிட்ட அறிக்கையில், மனித வரலாற்றின் கொடூரமான படுகொலைகள் நடந்த இடங்களை வரிசையாகச் சொல்லி, அந்தப் பட்டியலில் ஹனாயையும் சேர்த்தார். அதில் நாஜிகளின் மரண முகாமான திரெப்ளிங்கா இருந்தது. தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு கறுப்பின மக்களைச் சுட்டுக்கொன்ற ஷார்ப்வில் இருந்தது. போலந்து அதிகாரிகள் கொன்று புதைக்கப்பட்ட கத்தின் காடும் இருந்தது. கத்தினில் கொன்றது சோவியத் யூனியன் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவைக் குற்றம் சாட்டும் அறிக்கையில்கூட ஒரு தரப்பின் குற்றங்களை மட்டும் அவர் பொறுக்கி எடுக்கவில்லை. இதன் விளைவாக ஸ்வீடனின் புதிய தூதரை ஏற்க அமெரிக்கா மறுத்தது. தூதர் நிலையிலான உறவு 1974 வரை சீரடையவில்லை.

சரி, அமெரிக்காவைத் திட்டுபவர் ரஷ்யாவின் ஆள் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. 1968-ல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது அதைக் கடுமையாகக் கண்டித்தவர் அவர். பின்னர் அந்நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்களையும் மிகக் கடினமான சொற்களால் சாடினார். 1979-ல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்தபோதும் எதிர்த்தார். 1975-ல் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ எதிர்ப்பாளர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியபோது, பிரதமரான அவரே உண்டியலை ஏந்தி ஸ்டாக்ஹோம் வீதியில் நின்று, ஸ்பெயின் மக்களின் விடுதலைக்காக நிதி திரட்டினார்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிராக அவரது அரசு பேச்சோடு நிற்கவில்லை. விடுதலை இயக்கத்துக்குப் பண உதவியும் செய்தது. கொல்லப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, நிறவெறிக்கு எதிராக ஸ்டாக்ஹோமில் கூடிய மக்கள் மன்றத்தில் அவர் உரையாற்றினார். நிறவெறியைச் சீர்திருத்த முடியாது, ஒழிக்கத்தான் வேண்டும் என்பதே அந்த உரையின் சாரம். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் ஆலிவர் தாம்போ அன்று அவையில் இருந்தார்.

ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் கொண்ட சிறிய நாட்டின் பிரதமர் பேச்சை உலகம் ஏன் காது கொடுத்துக் கேட்டது? அவரிடம் அணுகுண்டு இல்லை, எண்ணெய்க் கிணறு இல்லை. அநியாயம் செய்தவர் யார் என்று பார்த்து அவர் வாயைத் திறக்கவில்லை. செய்யப்பட்டது அநியாயமா என்று மட்டும் பார்த்தார். அந்தப் பேச்சுக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

பாலஸ்தீனத்தின் பக்கம் வந்த கதை

பால்மேயின் கட்சி தொடக்கத்தில் பாலஸ்தீன ஆதரவுக் கட்சியாக இருக்கவில்லை. அன்றைய ஐரோப்பிய சோஷலிஸ்ட் கட்சிகள் பலவற்றைப் போலவே அதுவும் இஸ்ரேலின் தொழிலாளர் கட்சியோடு நெருங்கிய உறவு வைத்திருந்தது. இத்தனைக்கும், ஐ.நா.வின் சமாதானத் தூதராக ஜெருசலேம் சென்ற ஸ்வீடன் நாட்டு கோமகன் ஃபோக் பெர்னதோத்தை 1948 செப்டம்பரில் சுட்டுக்கொன்றது ஸியோனிஸ ஆயுதக் குழு ஒன்றுதான்.

1967 போரும் அதைத் தொடர்ந்த ஆக்கிரமிப்பும் பலருடைய பார்வையை மாற்றின. பால்மே தம் பார்வையை மாற்றிக்கொள்ளத் தயங்கவில்லை. 1974-ல் அரஃபாத்தைச் சந்தித்தார். அவ்வாறு சந்தித்த மேற்கத்திய அரசுத் தலைவர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. 1982-ல் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்து பெய்ரூட்டை முற்றுகையிட்டபோது, முகாம்களிலும் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளிலும் துன்புற்ற யூதக் குழந்தைகளின் படங்கள் மனதில் எழுப்பும் அதே வேதனையை, கொல்லப்பட்ட பாலஸ்தீனக் குழந்தைகளின் படங்களும் எழுப்புகின்றன என்ற கருத்தில் பேசினார். அதற்காக இஸ்ரேலிலும் சொந்த நாட்டிலும் கடும் கண்டனத்தைச் சந்தித்தார். 1983-ல் அரஃபாத் ஸ்டாக்ஹோமுக்கு வந்து அவரைச் சந்தித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பால்மே யூதர்களின் துன்பத்தைச் சிறிதாக்கிக் காட்டி பாலஸ்தீனர்களுக்காகப் பேசவில்லை. இஸ்ரேல் என்ற நாடு இருக்கக்கூடாது என்றும் அவர் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் ரத்தத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் இன்னொரு குழந்தையின் ரத்தத்துக்கும் என்றார். அவரை எதிர்த்தவர்களாலும் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கித்தள்ள முடியவில்லை.

பாக்தாத் – தெஹ்ரான்

1980 செப்டம்பரில் இராக் ஈரான் மீது படையெடுத்தது. அந்த நவம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைம், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பால்மேயைத் தம் சிறப்புத் தூதராக நியமித்தார். பால்மே இரு தலைநகரங்களுக்கும் பலமுறை சென்றார். போர் நிறுத்தம் உடனே சாத்தியமில்லை என்று தெரிந்ததும், ஷத்துல் அரப் ஆற்றில் சிக்கிக்கொண்ட வணிகக் கப்பல்களையாவது வெளியே கொண்டுவர முயன்றார். சிறிய விஷயத்தில் இணக்கம் ஏற்பட்டால் பெரிய விஷயத்துக்கு வழி பிறக்கும் என்பது அவரது கணக்கு. அதுவும் கைகூடவில்லை.

இஸ்லாமிய மாநாட்டு அமைப்பும் சும்மா இருக்கவில்லை. கினி நாட்டின் அதிபர் சேக்கு தூரே தலைமையில் சமாதானக் குழு ஒன்றை அனுப்பியது. இரு அரசுகளும் அவர்களுக்கும் செவிசாய்க்கவில்லை. போர் 1988 ஆகஸ்டு வரை எட்டு ஆண்டுகள் நீண்டது. லட்சக்கணக்கான முஸ்லிம்கள் முஸ்லிம்களாலேயே கொல்லப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஆயுதம் விற்றவர்கள் பணம் பார்த்தார்கள்.

பால்மேயோடு அந்தப் பயணங்களில் உதவியாளராகச் சென்ற ஸ்வீடன் தூதர் யான் எலியாஸன், 1988-ல் அதே பிரச்சினைக்கு ஐ.நா.வின் தூதராக நியமிக்கப்பட்டார். பால்மேயின் முயற்சி அவர் வாழ்நாளில் பலன் தராமல் போனாலும், அவர் போட்டுவைத்த பாதையில் அடுத்தவர் நடந்தார்.

அதே காலத்தில் ஆயுதக் குறைப்புக்காக ஒரு சர்வதேச ஆணையத்துக்கும் பால்மே தலைமை தாங்கினார். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸும் சோவியத் அறிஞர் ஒருவரும் அதில் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரியான சி.பி. முத்தம்மாவும் அதன் உறுப்பினர். அணு ஆயுத யுகத்தில் எதிரியை அச்சுறுத்தி எவரும் பாதுகாப்புப் பெற முடியாது, எதிரியோடு சேர்ந்துதான் பாதுகாப்பைத் தேட முடியும் என்பதே 1982-ல் வெளியான அதன் அறிக்கையின் மையக் கருத்து. 1985 ஜனவரியில் டெல்லியில் ராஜீவ் காந்தியோடும் மேலும் நான்கு நாட்டுத் தலைவர்களோடும் இணைந்து அணு ஆயுதப் போட்டியை நிறுத்தக் கோரும் பிரகடனத்தை வெளியிட்டார். டெல்லியில் இன்றும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

மௌனம் காத்த இடங்கள்

ஒருவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது சாட்சியம் ஆகாது. பால்மேயின் வாழ்விலும் கறைகள் உண்டு.

நம் நாட்டில் போஃபர்ஸ் என்ற சொல்லை அறியாதவர்கள் குறைவு. சமாதானம் பேசிய ஸ்வீடன், ஆயுதம் செய்து விற்கும் நாடாகவும் இருந்தது. போஃபர்ஸ் நிறுவனத்திடமிருந்து 410 பீரங்கிகள் வாங்கும் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது 1986 மார்ச் 24 அன்று. பால்மே கொல்லப்பட்டு மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. அந்த விற்பனைக்காக ராஜீவ் காந்தியிடம் அவர் பேசியது பிறகு வெளியான செய்திகளில் விரிவாக இடம்பெற்றது. 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி லஞ்சப் புகாரை வெளியிட்டது. சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழ் ஆவணங்களை அடுத்தடுத்து வெளியிட, நம் நாட்டின் அரசியலே ஆட்டம் கண்டது. பால்மே லஞ்சம் வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு கையில் சமாதானப் பிரகடனமும் மறு கையில் பீரங்கி விலைப்பட்டியலும் வைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவரிடமிருந்து திருப்தியான பதில் வரவில்லை. இதே நிறுவனம் ஸ்வீடன் சட்டத்தை மீறி சிங்கப்பூர் வழியாக வளைகுடா நாடுகளுக்கு ஏவுகணைகளைக் கடத்தியதும் அம்பலமாகி, அதன் முன்னாள் அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள்.

இன்னொன்று 1973-ல் நடந்தது. ராணுவத்தோடு இணைந்த ரகசிய உளவு அமைப்பு ஒன்று, சொந்தக் குடிமக்களான இடதுசாரிகளைக் கண்காணித்துவந்ததை இரண்டு பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். சிலி நாட்டு மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த பால்மே, இந்த விஷயத்தில் அரசைக் காப்பாற்றும் பக்கம் நின்றார். உண்மையை எழுதியவர்கள் சிறைக்குப் போனார்கள். அடுத்தவர் வீட்டு அநியாயத்தைச் சொல்வது எளிது, தன் வீட்டு அநியாயத்தைச் சொல்வதுதான் கடினம். பால்மேயும் அந்தச் சோதனையில் எல்லா நேரமும் தேறவில்லை.

வந்தேறிகள் மீது விழுந்த சந்தேகம்

1965-ல், கிறிஸ்துமஸ் நாளன்று வானொலியில் பால்மே ஆற்றிய உரையை ஸ்வீடன் மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். வெளிநாட்டவர் மீதான வெறுப்பு வேறு எங்கோ, வேறு யாரிடமோ இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது நம் தெருவில், நம் பேச்சில், நமக்குள்ளேயே இருக்கிறது என்ற கருத்தில் அவர் தம் மக்களை எச்சரித்தார். பத்து ஆண்டுகள் கழித்து அவரது அரசு அதற்குச் சட்ட வடிவமும் கொடுத்தது. மூன்று ஆண்டுகள் ஸ்வீடனில் வசித்த வெளிநாட்டவர், குடியுரிமை பெறாவிட்டாலும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற உரிமை 1976 தேர்தல் முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேர்தலில் பால்மே தோற்றார் என்பது வேறு விஷயம். ஆறு ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்துவிட்டு 1982-ல் மீண்டும் பிரதமரானார்.

1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. பாதுகாவலர்களை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மனைவி லிஸ்பெத்துடன் திரைப்படம் பார்க்கச் சென்றார். படம் முடிந்து இருவரும் நடந்தே திரும்பிக்கொண்டிருந்தபோது, இரவு 11.21 மணிக்கு ஒருவன் பின்னாலிருந்து வந்து சுட்டான். பால்மே அங்கேயே சரிந்தார். இரண்டாவது தோட்டா லிஸ்பெத்தை உரசிச் சென்றது. கொலையாளி படிக்கட்டுகளில் ஏறி இருட்டில் மறைந்தான்.

அதன் பிறகு நடந்ததை நம் சமுதாயம் அவசியம் அறிய வேண்டும். விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஸ்டாக்ஹோம் காவல்துறைத் தலைவர் ஹான்ஸ் ஹோல்மெர், கொலையைச் செய்தது குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி என்று முடிவு கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினார். 1987 ஜனவரியில் ஸ்வீடனில் தஞ்சமடைந்திருந்த குர்து அகதிகள் பலர் ஒரே நாளில் பிடிக்கப்பட்டார்கள். சில நாட்களில் எந்த ஆதாரமும் இல்லாமல் விடுவிக்கப்பட்டார்கள். ஹோல்மெர் விசாரணைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குள் பொன்னான ஓராண்டு வீணாகிவிட்டது. குர்து மக்கள் மீது விழுந்த சந்தேக நிழல் விலகப் பல ஆண்டுகள் பிடித்தன.

பிறகு 1989-ல் ஸ்வீடன்காரர் ஒருவர் தண்டிக்கப்பட்டு, அதே ஆண்டில் மேல்முறையீட்டில் விடுதலையானார். 2020 ஜூன் 10 அன்று அரசு வழக்கறிஞர், 2000-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்ட இன்னொரு ஸ்வீடன்காரரைச் சந்தேக நபராக அறிவித்து வழக்கை முடித்தார். அவர் சம்பவ இடத்துக்கு அருகிலிருந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கொலைத் துப்பாக்கி கிடைக்கவில்லை. நீதிமன்றத்தில் எதுவும் நிரூபிக்கப்படவும் இல்லை.

வந்தேறிகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்ட மனிதரின் கொலைக்கே வந்தேறிச் சமூகம் ஒன்று சந்தேகிக்கப்பட்டது. குற்றம் நடந்த மறுநிமிடமே ஒரு சமூகத்தின் பக்கம் விரல் நீட்டும் பழக்கம் எவ்வளவு ஆழமானது, அதனால் உண்மையான குற்றவாளி எப்படித் தப்பிக்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இன்றைய ஸ்வீடன்

பால்மேயின் நாடு அவர் விட்டுச்சென்ற இடத்தில் நிற்கவில்லை. சில காலம் அவரது வழியில் நடந்தது உண்மை. 2014 அக்டோபர் 30 அன்று அவரது கட்சியின் அரசு பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் அன்று அந்தத் துணிவைக் காட்டவில்லை.

2022-ல் காற்று திசை மாறியது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த அச்சத்தில், இருநூறு ஆண்டுகளாக எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத ஸ்வீடன் நேட்டோவில் சேர விண்ணப்பித்தது. விண்ணப்பித்தது பால்மேயின் சமூக ஜனநாயகக் கட்சி அரசேதான். 2024 மார்ச் 7 அன்று ஸ்வீடன் நேட்டோ உறுப்பினரானது. அதே ஆண்டு ஜூனில், ஸ்வீடனின் 17 ராணுவத் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த வகை செய்யும் ஒப்பந்தத்துக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் ஒப்புதல் வழங்கியது. ஹனாய் குண்டுவீச்சுக்காக வாஷிங்டனைக் கேள்வி கேட்ட நாடு இன்று அதன் குடைக்குள் நிற்கிறது. பக்கத்து வீட்டில் தீப்பிடிக்கும்போது ஒரு சிறிய நாடு அஞ்சுவதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் குடைக்குள் நிற்பவர் குடை பிடிப்பவரைக் கேள்வி கேட்பது அரிது.

2022 செப்டம்பர் தேர்தலில், வந்தேறிகளுக்கும் இஸ்லாத்துக்கும் எதிராகப் பேசி வளர்ந்த ஸ்வீடன் ஜனநாயகவாதிகள் கட்சி 20 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று இரண்டாவது பெரிய கட்சியானது. அதன் ஆதரவில் வலதுசாரி அரசு அமைந்தது. அந்த அரசு 2024 டிசம்பரில், பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்புக்கு ஸ்வீடன் பல காலமாகக் கொடுத்துவந்த பொது நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. காஸாவுக்கான உதவியை வேறு அமைப்புகள் வழியே தருவோம் என்றது. காஸாவில் குழந்தைகள் பசியில் வாடிய நேரம் அது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டாக்ஹோம் வீதிகளில் பாலஸ்தீனத்துக்காகப் பல்லாயிரம் ஸ்வீடன் மக்கள் திரும்பத் திரும்பத் திரண்டார்கள். குர்ஆன் எரிப்பில் ஈடுபட்டவர்களில் ஒருவரை அந்நாட்டு நீதிமன்றமே 2025 பிப்ரவரியில் வெறுப்புக் குற்றத்துக்காகத் தண்டித்தது. ஒரு நாடு என்பது ஒரே ஒரு முகம் அல்ல. பால்மேயைப் பெற்றதும் அந்த மண்தான், அவரது எச்சரிக்கையை மறந்துகொண்டிருப்பதும் அந்த மண்தான்.

நம் முன்னால் நிற்கும் கேள்வி

நபித்துவத்துக்கு முந்தைய மக்காவில், யமனின் ஸபீத் என்ற ஊரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் தம் சரக்குக்கு விலை கிடைக்காமல் ஏமாற்றப்பட்டார். ஏமாற்றியவர் ஊரின் பெரும்புள்ளி. அந்நியருக்காக யார் பேசுவார்கள்? அப்போது அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் குறைஷிகளில் சிலர் கூடி, மக்காவில் யாருக்கு அநீதி இழைக்கப்பட்டாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். இளைஞரான முஹம்மது (ஸல்) அவர்களும் அதில் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அப்படி ஓர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் தாம் இணங்குவதாகவே நபியவர்கள் கூறினார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று சீறா நூல்கள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. அநீதிக்கு எதிராக நிற்பவர் கலிமா சொன்னவரா என்று பார்த்துவிட்டுத்தான் கைகொடுப்போம் என்பது நபிவழி அல்ல என்பதற்கு இது தெளிவான சான்று.

பால்மேயின் கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அவரது சோஷலிஸத்துக்கும் நம் ஈமானுக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு. ஆனால் அவரது வாழ்க்கை நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது. காஸாவுக்காகக் கண்ணீர் விடும் நாம், சூடானில் முஸ்லிம்கள் முஸ்லிம்களைக் கொல்லும்போது எத்தனை ஜும்ஆக்களில் பேசினோம்? ஈரான்-இராக் போரின் எட்டு ஆண்டுகளில் உம்மத் பெரும்பாலும் பக்கம் பிரிந்துதானே நின்றது? நம் ஊரில், நம் ஜமாஅத்தில், நம் குடும்பத்தில் ஒரு பெண்ணின் சொத்துரிமை பறிக்கப்படும்போது நம் நாக்கு எங்கே போகிறது? நீதிக்குச் சாட்சியாக நிற்பது நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நிற்க வேண்டும் என்பதும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவற வைத்துவிடக்கூடாது என்பதும் அந்நிஸா, அல்மாயிதா அத்தியாயங்கள் நமக்குக் கற்றுத்தரும் பாடங்கள். பிறர் நமக்கு எதிராக அநியாயம் செய்யும்போது மட்டும் நினைவுக்கு வர வேண்டிய பாடங்கள் அல்ல அவை.

பால்மே பக்கம் பார்க்காமல் பேசிய இடங்களில் அவரது சொல் வல்லரசுகளையே அசைத்தது. பக்கம் பார்த்து மௌனமான இடங்களில் அதே சொல் வலுவிழந்தது. தனி மனிதருக்குப் பொருந்துகிற இந்த விதி ஒரு சமுதாயத்துக்கும் பொருந்தும். ஸ்டாக்ஹோமில் அவர் விழுந்த இடத்தைத் தொட்டுச் செல்லும் தெருவின் ஒரு பகுதிக்கு இன்று அவர் பெயர். பெயர்ப் பலகை வைப்பது எளிது. அந்தக் குரலைக் காப்பாற்றுவது ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் செய்ய வேண்டிய வேலை. நம் பிள்ளைகளிடம் ஸ்வீடனைப் பற்றிப் பேச நேர்ந்தால், எரித்தவனின் கதையோடு இந்த மனிதரின் கதையையும் சேர்த்துச் சொல்வோம்.

நீதியின் பக்கம் நிற்கும் துணிவையும், நமக்கு எதிராக இருந்தாலும் உண்மையைச் சொல்லும் நாவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.